காரணம் சொல்ல வேண்டியவர் யார்?
நீதிமன்ற ஆவணங்களும் தகவல் அறியும் உரிமையும்

பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, வட்டாட்சியர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒருவர் மனு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊர் ஏரியின் பரப்பு என்ன, அதில் ஆக்கிரமிப்பு எவ்வளவு, அகற்றச் சொல்லி எத்தனை நோட்டீஸ் கொடுக்கப்பட்டன என்று அவர் கேட்கிறார். 'உங்களுக்கு எதற்கு இது?' என்று அந்த அலுவலர் திருப்பிக் கேட்க முடியாது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் 6(2) பிரிவு அதற்கு இடம் தரவில்லை. தொடர்பு கொள்ளத் தேவையான விவரங்களைத் தவிர மனுதாரர் எந்தக் காரணமும் சொல்ல வேண்டியதில்லை.

அதே ஏரியைப் பற்றி உயர்நீதிமன்றத்தில் ஒரு வழக்கு நடந்து முடிந்திருக்கிறது. அதில் அரசு தாக்கல் செய்த பதில் மனுவையும் இணைப்பு ஆவணங்களையும் அதே மனிதர் பார்க்க விரும்புகிறார். வழக்கில் அவர் தரப்பினர் இல்லை. பெரும்பாலான உயர்நீதிமன்றங்களின் விதிகளின்படி, நகல் மனுவோடு, ஆவணம் எதற்காக வேண்டும் என்பதை விளக்கும் பிரமாணப் பத்திரத்தையும் அவர் கொடுக்க வேண்டும். சொன்ன காரணம் போதுமானது என்று நீதிமன்றம் கருதினால்தான் நகல் கிடைக்கும்.

இரண்டும் பொதுப்பணத்தில் இயங்கும் அமைப்புகள். இரண்டிலும் இருப்பவை பொது ஆவணங்கள். ஓரிடத்தில் மறுப்பவர் காரணம் சொல்ல வேண்டும். மற்றோரிடத்தில் கேட்பவர் காரணம் சொல்ல வேண்டும். தகவல் உரிமை பற்றிய விவாதங்களில் விதிவிலக்குகள், கட்டணம், தாமதம், தகவல் ஆணையங்களின் காலிப் பணியிடங்கள் எல்லாம் பேசப்படுகின்றன. இவற்றுக்கு அடியில் கிடப்பது, காரணம் சொல்லும் சுமை யார் தலையில் இருக்கிறது என்ற கேள்விதான்.

உரிமை வந்த வழி

இந்தியாவில் அறியும் உரிமைக்கு முதலில் அரசியலமைப்பு அடிப்படை அமைத்துத் தந்தது உச்சநீதிமன்றம். 1971 மக்களவைத் தேர்தலில் ரே பரேலி தொகுதியில் இந்திரா காந்தியிடம் தோற்ற ராஜ் நாராயண், தேர்தல் வழக்கின்போது, பிரதமரின் சுற்றுப்பயணப் பாதுகாப்பு விதிமுறைகள் அடங்கிய 'நீலப் புத்தக'த்தைத் தாக்கல் செய்யுமாறு கோரினார். 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தைக் காட்டி அரசு மறுத்தது. 1975 ஜனவரியில் வந்த தீர்ப்பில், பொது ஊழியர்கள் பொதுப் பொறுப்பில் செய்யும் ஒவ்வொரு செயலையும் அறிய மக்களுக்கு உரிமை உண்டு என்று நீதிபதி கே.கே. மாத்யூ தனியே எழுதினார். அந்த உரிமையைப் பேச்சுரிமையிலிருந்து, அதாவது அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவிலிருந்து அவர் வருவித்தார்.

1981 டிசம்பரில் எஸ்.பி. குப்தா வழக்கு இன்னும் ஒரு படி முன்னே போனது. டெல்லி உயர்நீதிமன்றக் கூடுதல் நீதிபதி ஒருவருக்குப் பதவி நீட்டிப்புத் தரப்படாதது பற்றி, சட்ட அமைச்சர், டெல்லி தலைமை நீதிபதி, இந்தியத் தலைமை நீதிபதி ஆகிய மூவரும் எழுதிக்கொண்ட கடிதங்களை வெளியிட வேண்டும் என்று உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. வெளிப்படையே விதி, இரகசியம் விலக்கு என்பது நீதிபதி பி.என். பகவதியின் நிலைப்பாடு. நீதிபதி நியமனம் தொடர்பான கடிதங்களையே வெளியிட வைத்த தீர்ப்பு இது. பின்னால் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இதை நினைவில் வைக்க வேண்டும்.

தீர்ப்புகள் உரிமையை அறிவித்தன. அதைச் சட்டமாக்கியது கிராமங்களிலிருந்து எழுந்த கோரிக்கை. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற கிராமத்தில் முதல் பொது விசாரணையை நடத்தியது. அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் முன்னின்ற அந்த இயக்கத்தின் முறை எளிமையானது. வறட்சி நிவாரண வேலைகளின் மஸ்டர் ரோல் எனப்படும் கூலிப் பட்டியலையும் பில்களையும் எப்படியாவது பெற்று, ஊர்க் கூட்டத்தில் உரக்கப் படிப்பார்கள். வேலைக்கே போகாதவர் பெயர் கூலிப் பட்டியலில் இருந்தால், பெயருக்குரியவரே எழுந்து சொல்லிவிடுவார். ஊழலைக் காட்டிக்கொடுத்தவை பட்டியலிலிருந்த பெயர்களே. 1996இல் பியாவர் நகரில் நடந்த நாற்பது நாள் தர்ணாவுக்குப் பிறகு கோரிக்கை நாடு முழுக்கப் பரவியது.

தமிழ்நாடு 1997இலேயே சட்டம் இயற்றியது. இந்திய மாநிலங்களில் அதுவே முதல். ஆனால் இருபதுக்கும் மேற்பட்ட விலக்குகளோடு வந்ததால் அது பெயரளவில் நின்றுபோனது. மத்திய அரசின் 2002ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கே வரவில்லை. 2005 அக்டோபர் 12 அன்று முழுமையாக அமலுக்கு வந்த சட்டம்தான் நிலைமையை மாற்றியது.

அந்தச் சட்டம் வலுவாக இருப்பதற்கு 30 நாள் கெடுவும் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரையிலான அபராதமும் மட்டும் காரணமில்லை. 6(2) பிரிவு கேட்பவரின் நோக்கத்தை விசாரிப்பதைத் தடுக்கிறது. 7(8) பிரிவு, மறுத்தால் காரணத்தையும் யாரிடம், எத்தனை நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பதையும் எழுதித் தரச் சொல்கிறது. 19(5) பிரிவு, மறுத்தது சரியே என்று நிரூபிக்கும் பொறுப்பை மறுத்த அலுவலரிடம் வைக்கிறது. 1923ஆம் ஆண்டு அலுவல் இரகசியச் சட்டத்தின் கீழ் வளர்ந்த நிர்வாகத்துக்கு இவை மூன்றும் சேர்ந்து தலைகீழ் மாற்றம்.

சென்னையில் சில நாள் நீடித்த தீர்ப்பு

இந்த மாற்றம் நீதிமன்றங்களுக்கு எவ்வளவு பழக்கமில்லாதது என்பதைச் சென்னை உயர்நீதிமன்றத்தில் 2014 செப்டம்பரில் நடந்த ஒன்று காட்டுகிறது. உயர்நீதிமன்றப் பதிவகத்திடம் தகவல் கேட்ட ஒருவருக்கு எதிராக, உயர்நீதிமன்றத்தின் பொதுத் தகவல் அலுவலரே தொடர்ந்த வழக்கு அது. தகவல் கேட்பவர் அதற்கான நோக்கத்தைச் சொல்ல வேண்டும், அது சட்டப்படியானது என்று காட்ட வேண்டும் என்று இரு நீதிபதிகள் அமர்வு எழுதியது. 6(2) பிரிவு சொல்வதற்கு இது நேர் எதிரானது. கடும் விமர்சனம் எழுந்தது. சில நாட்களுக்குள் அதே அமர்வு தானாகவே வழக்கை எடுத்து, அந்தப் பிரிவைக் கவனிக்கத் தவறியதை ஒப்புக்கொண்டு, அந்த வரிகளை நீக்கியது.

தவறைத் திருத்திக்கொண்டது பாராட்டத்தக்கது. ஆனால் அந்த வரிகள் இயல்பாக வந்து விழுந்ததைக் கவனிக்க வேண்டும். நீதிமன்றத்தின் அன்றாட நடைமுறையில் மனு போடுகிறவர் தனக்கு என்ன பாத்தியதை என்று முதலில் காட்ட வேண்டும். அந்தப் பழக்கம் தகவல் மனுவிலும் வந்து ஒட்டிக்கொண்டது.

கட்டணத்திலும் இப்படித்தான். சட்டத்தின் 28ஆம் பிரிவு தலைமை நீதிபதிகளுக்குத் தனி விதி வகுக்கும் அதிகாரம் தருகிறது. அலகாபாத் உயர்நீதிமன்றம் ஒரு தகவல் மனுவுக்கு 500 ரூபாய் விதித்திருந்தது. 2018 மார்ச்சில் உச்சநீதிமன்றம், மனுக் கட்டணம் பொதுவாக 50 ரூபாயையும் நகல் கட்டணம் பக்கத்துக்கு 5 ரூபாயையும் தாண்டக் கூடாது என்றது. நோக்கத்தைக் கேட்கவும் வேண்டியதில்லை என்றது.

தன் வழக்கில் தானே நீதிபதி

2007இல் டெல்லியைச் சேர்ந்த தகவல் உரிமைச் செயல்பாட்டாளர் சுபாஷ் சந்திர அகர்வால் உச்சநீதிமன்றத்திடம் ஓர் எளிய கேள்வியைக் கேட்டார். நீதிபதிகள் தங்கள் சொத்து விவரத்தைத் தலைமை நீதிபதியிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1997 மே மாதம் அவர்களே தீர்மானம் போட்டிருந்தார்கள், அதன்படி தெரிவித்திருக்கிறார்களா? சொத்துப் பட்டியலை அவர் கேட்கவில்லை. தெரிவித்தார்களா, இல்லையா என்பதைத்தான் கேட்டார்.

அந்தத் தகவல் தலைமை நீதிபதி அலுவலகத்திடம் உள்ளது, பதிவகத்திடம் இல்லை என்பது பதிலாக வந்தது. 2009 ஜனவரியில் மத்திய தகவல் ஆணையம் தரச் சொன்னது. உச்சநீதிமன்றம் தன் ஆளுகைக்குக் கீழுள்ள டெல்லி உயர்நீதிமன்றத்துக்கு மனுதாரராகப் போனது. 2009 செப்டம்பரில் நீதிபதி எஸ். ரவீந்திர பட்டிடமும், 2010 ஜனவரியில் தலைமை நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான முழு அமர்விடமும் தோற்றது. அதன் பிறகு உச்சநீதிமன்றம் தன்னிடமே மேல்முறையீடு செய்தது.

2019 நவம்பர் 13 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, தலைமை நீதிபதி அலுவலகமும் சட்டத்தின் கீழ் வரும் பொது அதிகார அமைப்பே என்று சொன்னது. சொத்து விவரம் தெரிவித்தவர்கள் யார் என்பதைத் தரலாம் என்ற உயர்நீதிமன்றத் தீர்ப்பை உறுதிசெய்தது. அதே தீர்ப்பில், நீதிபதிகள் நியமனம் தொடர்பான கடிதங்களைக் கேட்ட மனுவை மீண்டும் பரிசீலிக்கும்படி பொதுத் தகவல் அலுவலருக்கே திருப்பி அனுப்பியது. 1981இல் அரசிடமிருந்து வாங்கிக் கொடுத்ததை 2019இல் தன் அலமாரியிலிருந்து எடுத்துத் தர நீதிமன்றம் தயங்கியது. சொத்து விவரங்களை உச்சநீதிமன்ற இணையதளத்தில் வெளியிடும் முடிவை அனைத்து நீதிபதிகளும் கூடி எடுத்தது 2025 ஏப்ரலில். பதிவேற்றம் மே மாதம் தொடங்கியது. முதல் கேள்விக்கும் அதற்கும் இடையே சுமார் பதினெட்டு ஆண்டுகள்.

தீர்ப்பு திறந்திருக்கிறது, கட்டு மூடியிருக்கிறது

நிர்வாகப் பக்கத்தில் இப்படி மெல்ல மெல்லக் கதவு திறந்தது. நீதி வழங்கும் பக்கத்திலும் திறந்தவை நிறைய. எவரும் எந்த வழக்கின் நிலையையும் இ-கோர்ட்ஸ் தளத்தில் பார்க்கலாம், உத்தரவுகளை இறக்கிக்கொள்ளலாம். 2016இல் உச்சநீதிமன்றம் முதல் தகவல் அறிக்கைகளை, எச்சரிக்கையோடு கையாள வேண்டிய சில வழக்குகள் நீங்கலாக, இணையத்தில் ஏற்றச் சொன்னது. 2018இல் நேரலைக்கு ஒப்புக்கொண்டு, 2022 செப்டம்பரில் அரசியல் சாசன அமர்வு விசாரணைகளை ஒளிபரப்பத் தொடங்கியது. 2023இல் தன் தீர்ப்புத் தொகுப்பை இலவசமாக்கியது. பல தீர்ப்புகள் தமிழிலும் கிடைக்கின்றன.

திறக்காதது வழக்குக் கட்டு: மனு, பதில் மனு, சாட்சி வாக்குமூலம், குறியீடு செய்யப்பட்ட ஆவணங்கள். குற்றப்பத்திரிகைகளை இணையத்தில் ஏற்றக் கோரிய மனுவை 2023 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

கட்டு பற்றிய முக்கியத் தீர்ப்பு 2020 மார்ச் 4 அன்று வந்தது. குஜராத் உயர்நீதிமன்றத்தில் நடந்த சில வழக்குகளின் ஆவண நகல்களை, தரப்பினர் அல்லாத ஒருவர் 2010இல் தகவல் சட்டத்தின் கீழ் கேட்டார். 1993ஆம் ஆண்டு குஜராத் உயர்நீதிமன்ற விதிகளின் 151ஆம் விதிப்படி நகல் மனு போடுங்கள் என்று பதில் வந்தது. அந்த விதி மூன்றாம் தரப்பினரிடம் காரணம் சொல்லும் பிரமாணப் பத்திரத்தைக் கேட்கிறது. தகவல் ஆணையம் மனுதாரர் பக்கம் நின்றது, உயர்நீதிமன்றம் மறுத்தது. உச்சநீதிமன்றத்தில் நீதிபதி ஆர். பானுமதி எழுதிய தீர்ப்பு உயர்நீதிமன்றத்தின் நிலையை ஏற்றது. தகவல் பெற வேறு வழி ஒன்று விதிகளில் இருக்கும்போது தகவல் சட்டத்தை நாட வேண்டியதில்லை. விதிக்கும் சட்டத்துக்கும் முரண்பாடு இல்லை. வழக்காடிகளின் தகவல்களை நீதிமன்றம் அவர்களுக்கான அறங்காவலராக வைத்திருக்கிறது என்பவை அதன் சாரம்.

முரண்பாடு இல்லை என்ற இடத்தில்தான் தீர்ப்பு தடுமாறுகிறது. ஒரு சட்டம் 'காரணம் கேட்காதே' என்கிறது. ஒரு விதி 'காரணம் சொல்' என்கிறது. இதைவிட வெளிப்படையான முரண்பாடு எது? பிற சட்டங்களோடு முரண்பட்டால் தகவல் சட்டமே மேலோங்கும் என்று 22ஆம் பிரிவு சொல்வதும் இத்தகைய இடங்களுக்காகத்தான்.

தீர்ப்பின் மறுபக்க நியாயத்தையும் எடுத்துப் பார்க்க வேண்டும். நீதிமன்றத்துக்கு யாரும் விரும்பி வருவதில்லை. மணமுறிவு மனுவில் எழுதியது, மருத்துவ அறிக்கை, குழந்தையின் பெயர், தொழில் இரகசியம் எல்லாம் கட்டுக்குள் கிடக்கின்றன. ஒரு வழக்கில் விடுதலையானவர், தன் பெயர் தீர்ப்பில் இணையத்தில் தெரிவதால் வாழ்க்கை கெடுகிறது என்று சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்தார். 2021இல் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, அந்தப் பழைய தீர்ப்பை இணையதளத்திலிருந்து நீக்கச் சொன்னது. அந்த ஆண்டு ஜூலையில் உச்சநீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. இந்தக் கவலையை அற்பம் என்று ஒதுக்க முடியாது.

ஆனால் அந்தக் கவலைக்கு மருந்து, பெயரையும் அடையாளத்தையும் மறைப்பது. 1992 ஜூனில் தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் நடந்த வன்கொடுமையை எடுத்துக்கொள்வோம். 2011 செப்டம்பரில் உயிரோடிருந்த 215 அரசு ஊழியர்களும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்தக் கட்டில் பாதிக்கப்பட்ட பெண்களின் அடையாளம் என்றென்றும் மறைக்கப்பட வேண்டியது. வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை அதிகாரிகள் குறுக்கு விசாரணையில் சொன்னவை எந்த ஆய்வாளரும் படிக்க வேண்டியவை. ஒரே கட்டில் இரண்டும் இருக்கின்றன. பெயரை மறைத்தால் முன்னது பாதுகாக்கப்படும், பின்னது திறக்கும். பிரமாணப் பத்திரம் கேட்கும் விதி இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. மணமுறிவு வழக்குக்கும் ஏரி ஆக்கிரமிப்பு வழக்கில் அரசு கொடுத்த பதிலுக்கும் ஒரே பூட்டைப் போடுகிறது.

மற்ற நாடுகளில் ஒரே விடை இல்லை. பிரிட்டனின் 2000ஆம் ஆண்டுச் சட்டம் நீதிமன்ற ஆவணங்களுக்கு விலக்கு தருகிறது. அமெரிக்காவின் 1966ஆம் ஆண்டுச் சட்டம் நீதிமன்றங்களைத் தொடவே இல்லை; ஆனால் கூட்டாட்சி நீதிமன்றங்களில் தாக்கலாகும் மனுக்களைப் பக்கத்துக்குப் பத்து சென்ட் கட்டி எவரும் இணையத்தில் படிக்கலாம், ஏன் என்று யாரும் கேட்பதில்லை. நமக்கு அண்டையிலுள்ள இலங்கை இன்னும் தெளிவான பாதையை எடுத்தது. 2017 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அதன் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டம், 'பகிரங்க அதிகாரசபை' என்பதன் வரையறையிலேயே நீதிமன்றங்களையும் தீர்ப்பாயங்களையும் சேர்த்திருக்கிறது. கேட்பவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நீதிமன்ற அவமதிப்பாகும் தகவலுக்கும் நீதித்துறையின் அதிகாரத்தையும் நடுநிலையையும் குலைக்கும் தகவலுக்கும் மட்டும் தனி விலக்கு இருக்கிறது.

சுமை திரும்பி வருகிறது

நீதிமன்றக் கட்டோடு நின்றிருந்தால் இது வழக்கறிஞர்களும் ஆய்வாளர்களும் பேசும் சிக்கலாக இருந்திருக்கும். இப்போது அதே தர்க்கம் அரசு அலுவலகங்களுக்கும் வந்துவிட்டது. தகவல் சட்டத்தின் 8(1)(ஞ) பிரிவு முன்பு, பொதுச் செயல்பாட்டோடு தொடர்பில்லாத, அல்லது தேவையின்றி அந்தரங்கத்தில் தலையிடும் தனிநபர் தகவலுக்கு மட்டுமே விலக்கு தந்தது. நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலைக் குடிமக்களுக்கும் மறுக்கக் கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023இன் 44(3) பிரிவு இந்த வடிகட்டிகளை எல்லாம் எடுத்துவிட்டது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, தனிநபர் தகவல் என்பதே மறுக்கப் போதுமான காரணம்.

கோட் கிரானாவில் உரக்கப் படிக்கப்பட்ட கூலிப் பட்டியல் பெயர்களால் ஆனது. ரேஷன் கடைப் பதிவேடும், ஒப்பந்ததாரர் பில்லும், பயனாளிகள் பட்டியலும், தேர்வு மதிப்பெண் பட்டியலும் அப்படியே. பெயர் இருப்பதாலேயே மறுக்கலாம் என்றால் சமூகத் தணிக்கை என்பதே நடக்காது. 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது, பொதுநலன் பெரிதென்றால் விலக்கை மீறித் தரலாம் என்று அரசு சொல்கிறது. அது உண்மை. ஆனால் அந்தப் பொதுநலனை எடுத்துக்காட்டும் வேலை நடைமுறையில் மனுதாரர் தலையில் விழும். எதற்காகக் கேட்கிறேன் என்று விளக்காமல் பொதுநலனை நிறுவ முடியாது. 6(2) பிரிவு ஏட்டில் அப்படியே இருக்க, அது தடுத்த கேள்வி பின்வாசல் வழியே உள்ளே வந்துவிட்டது.

என்ன செய்யலாம்?

நாடாளுமன்றத் திருத்தத்தை மாற்றப் பெரும் அரசியல் முயற்சி வேண்டும். நீதிமன்றக் கட்டைத் திறக்க அது தேவையில்லை. நகல் வழங்கும் விதிகளை உயர்நீதிமன்றங்களே மாற்றிக்கொள்ளலாம். முடிந்துபோன வழக்குகளில், குடும்ப வழக்குகள், பாலியல் குற்றங்கள், சிறார் தொடர்பானவை நீங்கலாக, மூன்றாம் தரப்பினரிடம் பிரமாணப் பத்திரம் கேட்பதை நிறுத்தலாம். மறுத்தால் பதிவகம் எழுத்தில் காரணம் தர வேண்டும் என்று விதிக்கலாம். அரசும் அரசு நிறுவனங்களும் தாக்கல் செய்யும் பதில் மனுக்களையாவது தீர்ப்போடு சேர்த்து இணையத்தில் ஏற்றலாம். அவை பொதுப்பணத்தில், பொதுமக்கள் பெயரில் எழுதப்பட்டவை. 1917ஆம் ஆண்டு ஆவண அழிப்புச் சட்டத்தின்படி குறித்த காலத்துக்குப் பிறகு கட்டுகள் அழிக்கப்படுகின்றன என்பதால் இதில் தாமதத்துக்கும் விலை உண்டு.

மனு எழுதுகிறவர்கள் இரண்டு செய்திகளை நினைவில் வைத்துக்கொள்ளலாம். 'வழக்கு நிலுவையில் உள்ளது' என்று ஓர் அலுவலகம் பதில் தந்தால், அது தன்னளவில் மறுப்புக் காரணமாகாது. 8(1)(ஆ) பிரிவு, வெளியிடக் கூடாது என்று நீதிமன்றம் வெளிப்படையாகத் தடுத்ததற்கும் அவமதிப்பாகக்கூடியதற்கும் மட்டுமே பொருந்தும். நீதிமன்றத்தில் தாக்கலான அரசு ஆவணத்தின் அலுவலகப் பிரதியைத் துறையிடமே கேட்கலாம். 'தனிநபர் தகவல்' என்று மறுத்தால், 8(2) பிரிவைக் குறிப்பிட்டு, மறுத்தது ஏன் சரி என்று 19(5)இன்படி அலுவலரே நிரூபிக்கட்டும் என்று எழுதி 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.